காரின் மேல் வெள்ளைப் புள்ளிகள்

உத்திரமேரூர்
11-3-1958

அன்புள்ள அப்பாவுக்கு, லோகநாயகியின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல் ஓடிப்போய் நீங்கள் கொடுத்த காரைத்தான் பார்த்தேன். கன்னங்கரேலென்று மின்னுகிறது அப்பா! அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருந்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். போன மாதம் தம்பி பார்த்துவிட்டு, "பெயிண்டே போச்சு அக்கா. அடுத்த மாதம் பதினாறாம் தேதி வந்து கொண்டுபோய் விற்றுவிடுகிறேன்" என்றான். கார் போனால் கிராமத்துப் பிரசவங்களுக்கு நான் மாட்டுவண்டியில்தான் போகவேண்டும்.

டிரைவர் ஏசுதாஸ் உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் வெயிலில் நிறுத்தியிருக்கிறார். கேட்டால், "மாட்டக் கயுவினா வெயில்லதானேம்மா காய வுடுவோம்?" என்கிறார்.

ஆஸ்பத்திரி பெருக்கும் சிட்டம்மாள் விடவில்லை. "காருக்கு வாலா கீது? செம்புல படியற உப்புதாம்மா இது. புளித்தண்ணி போட்டா ஓடிடும்" என்றாள். ரசாயனம் படித்து டாக்டரான எனக்கு இது தோன்றவில்லை!

நேற்று புளியை நீர்க்கக் கரைத்து வடிகட்டி, காரை நிழலில் நிறுத்தித் துணியால் ஒற்றினோம். புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. உடனே ஏரித்தண்ணீரால் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் துடைத்தோம். மூவரும் கைதட்டிச் சிரித்தோம். இனி எப்போதும் இப்படித்தான்.

துடைக்க உங்கள் பழைய வேட்டி இரண்டு அனுப்புங்கள். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

திருப்புலிவனத்திலிருந்து பிரசவத்துக்குக் கூப்பிட ஆள் வந்துவிட்டது, கிளம்புகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை: தம்பி வந்தால் சாவியைக் கொடுக்கப் போவதில்லை.

லோகநாயகி