விசாலத்தின் கடைசிப் பதினாறு பக்கம்

மந்தாரக்குப்பம்,
3.1.2016

அன்புள்ள ராஜாங்கத்துக்கு,

பாவாடை சொல்லச் சொல்ல, மகள் காந்திமதி எழுதுவது. இங்கே மழை ஓய்ந்து இருபது நாளாகிறது. சுவரில் ஏறிய ஈரம் இன்னும் இறங்கவில்லை. எனக்கு முட்டிவலி உண்டு, வேறு குறை கிடையாது. உனக்குக் காது சுத்தமாக அடைத்துவிட்டது, போனில் பேசிப் பிரயோஜனமில்லை என்று உன் மகன் சொன்னான். அதனால்தான் கடிதம். ஓசூர்க் குளிருக்குப் பயந்து காதில் பஞ்சைத் திணித்துக்கொண்டு திரியாதே.

போன வாரம் டிவியில் ஒரு பேய்ப்படம் பார்த்தேன். பேய் பாட்டுக்கு ஆடுகிறது. வீட்டில் பேய் இருக்கிறது என்று தெரிந்தும் ஒருத்தனும் காலி செய்துகொண்டு போகவில்லை, வாடகை கம்மியாம். நாம் பார்த்த காலத்தில் கதவு ஒன்று தானாகத் திறந்தாலே போதும், என் தோளில் உன் நகக்குறி மூன்று நாள் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். வடலூரில் திலகவதி என்று ஒரு டீச்சர். பழைய பேய் நாவல், துப்பறியும் நாவல் சேர்க்கிறவர்கள் இருபது பேர் போனில் குழு வைத்திருக்கிறார்களாம். எந்தப் பேய் நிஜப் பேய், எது டூப்பு, எந்த அட்டைப்படம் நல்லது என்று ஓயாத சண்டையாம். வருஷத்துக்கு ஒரு மலர் அவர்களே ஜெராக்ஸ் போட்டுத் தைக்கிறார்கள். நீ எனக்குப் படிக்கப் புத்தகம் எடுத்துவரும் வாடகை நூல் கடையை மூடியபோது மூட்டையாக வாங்கிப் போனவர் அந்த டீச்சர்தான். அதில் நம்ம ‘வெள்ளிக்கிழமை விசாலம்’ இருக்கிறது. ஆனால் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. வேறு பிரதி எங்கே தேடியும் கிடைக்கவில்லை. யாரோ என்னைக் கை காட்டியிருக்கிறார்கள், வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஐயாவுக்குப் படிக்கத் தெரியுங்களா?” என்றார்.

“தெரியாதும்மா. கேக்கத் தெரியும்” என்றேன்.

முதல் வரியிலிருந்து சொன்னேன். புத்தகத்தில் விரலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர், மூன்றாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டார். இல்லாத பதினாறு பக்கத்தையும் சொன்னேன். போனில் பதிவு செய்துகொண்டார். “இந்த மாதிரி முடிவு நாங்க எங்கயும் படிச்சதில்லீங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பங்குனி மலரில் போடுகிறார்கள். ‘நான் படித்ததும் இதுதான்’ என்று, அன்றைக்கு எனக்கு வாசித்துக் காட்டிய ஆள், அதாவது நீ, ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
பாவாடை
(இடது பெருவிரல் ரேகை)


ஓசூர்,
14.1.2016

அன்பு நண்பன் பாவாடைக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். காந்திமதியின் எழுத்து அச்சுப்போல இருக்கிறது. நாளைக்குப் பொங்கல். இங்கே குக்கரில் வைக்கிறார்கள். விசில் வந்தால் எல்லோரும் பொங்கலோ பொங்கல் என்கிறார்கள், எனக்கு அதுவும் கேட்பதில்லை.

பேய்ப்படம் பற்றி நீ சொன்னது சரி. பேரன் கணினியில் ஒன்று காட்டினான். கீழே எழுத்து ஓடுவதால் எனக்கு வசதி. வெள்ளைக்காரப் பேய், கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டிருக்கிறது. நாமெல்லாம் பாயில் படுத்தவர்கள், நம்மிடம் அதற்கு வேலையில்லை.

விசாலம் விஷயம். அது வேண்டாமப்பா. எத்தனை வருஷம் ஆகிவிட்டது. வெயிலில், வேப்பமரத்தடியில், ஷிப்டு முடிந்த களைப்பில் நான் படித்தது. நாலு கதை கலந்துபோயிருக்கும். எழுதினவர் யாரோ, அவர் பெயரில் நாம் தப்பாகச் சொல்லி அச்சில் ஏறினால் பாவம். டீச்சரிடம் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடு.

முட்டிக்கு வேப்பெண்ணெய் போடு.

அன்புடன்,
ராஜாங்கம்


மந்தாரக்குப்பம்,
24.1.2016

ராஜாங்கத்துக்கு,

எனக்கு ஞாபகம் இல்லை என்று நீ எழுதலாமா? எழுத்துதான் எனக்கு இல்லை. மற்றவன் புத்தகத்தில் வைத்திருப்பதை நான் தலையில் வைத்திருக்கிறேன்.

எண்பத்தைந்து, ஆவணி, செவ்வாய்க்கிழமை. முதல் ஷிப்டு முடிந்து ரெண்டு மணி. சுரங்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேப்பமரம். நீ காலர் கிழிந்த காக்கிச் சட்டை போட்டிருந்தாய். காந்திமதியின் அம்மா சாமியம்மா மஞ்சக்காமாலையில் போய் ஒரு மாசம், நாலு நாள். நான் வேலைக்கு வருவதில்லை. அன்றைக்கு நீ குவாட்டர்ஸுக்கு வந்து என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனாய். கடைசி அத்தியாயம் படித்தாய். இப்படி:

‘விசாலம் யாரையும் பயமுறுத்த வரவில்லை. புருஷன் வேலைக்குப் புறப்படும் நேரத்துக்கு வருவாள். அவன் வாசலைத் தாண்டியதும் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுவாள். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டில் அவள் இருக்கிறாள். ஆனால் அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒரு தரம் பார்த்தாலும் பிறகு வரமாட்டாள்.’

ஒரு சொல் மாறியிருந்தால் சொல்.

உன்னிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மறுநாள் நான் முதல் ஷிப்டுக்குக் கிளம்பினேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் பிளாக் முருங்கைமரத்தைத் தாண்டும்போது பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. ‘டக்’. அன்றிலிருந்து முப்பது வருஷம். ரிட்டையராகி இந்த வீட்டுக்கு வந்தும் விடவில்லை. ஐந்து மணிக்கு டீ குடிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறேனே, டீக்காகவா? அந்தச் சத்தத்துக்காக. ஒரு நாள்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை ராஜாங்கம். அது புத்தகத்தில் இருப்பது. அச்சில் வந்து நாலு பேர் படித்தால், நான் பைத்தியக்காரன் இல்லை என்று எனக்கே தெரியும்.

இந்த இடத்தில் காந்திமதி பேனாவை வைத்துவிட்டாள். கை வலியாம். மீதியை மத்தியானம் எழுதுகிறாள்.

மீதி ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பாவாடை
(இடது பெருவிரல் ரேகை)


ஓசூர்,
6.2.2016

பாவாடை,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நீ சொன்னதில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் அது புத்தகத்தில் இல்லை. நான் கட்டியது.

உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கையில் கிடைத்த நாவலை எடுத்துவந்தேன். நீ பேய்க்கதை கேட்டால் சோறு தண்ணி மறப்பாய் என்பது மட்டும்தான் எண்ணம். பாதியில்தான் தெரிந்தது, அதில் பெண்டாட்டி செத்துப்போகிறாள். நிறுத்தப் பார்த்தேன், நீ விடமாட்டேன் என்றாய். அன்றைக்குக் காலையிலேயே கடைசிப் பதினாறு பக்கத்தைத் தனியாகப் படித்துப் பார்த்தேன். விசாலத்தைக் கிணற்றில் தள்ளியவன் புருஷனேதான். பேயாக வந்தது, பேய் வேஷம் கட்டி இன்ஸ்பெக்டர் அனுப்பிய ஒரு நாடகக்காரி. கடைசி வரியில் அவன் கையில் விலங்கு. இதை எப்படியப்பா உன்னிடம் படிப்பேன்? அந்தப் பதினாறு பக்கத்தையும் நான்தான் கிழித்தேன். வேறு யாரும் படித்து உன்னிடம் சொல்லிவிடக் கூடாது என்று கேன்டீன் அடுப்பில் போட்டேன். டீச்சர் ஊரெல்லாம் தேடுவது நான் எரித்ததைத்தான்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஏன் சொன்னேன்? அந்த ஒரு மாசம் நீ வேலைக்குக் கிளம்புவாய், முருங்கைமரம் வரை போவாய், திரும்பி வீட்டைப் பார்ப்பாய், வந்து உட்கார்ந்துவிடுவாய். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் வேலையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று மேஸ்திரி என்னிடம் சொல்லிவிட்டார். அவ்வளவு சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? உன்னை மரத்தைத் தாண்ட வைக்க ஒரு வரி வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் வாயில் வந்தது. நாலு நாளில் மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். உன்னைத் தெரிந்தும் அப்படி நினைத்தேனே.

காந்திமதி, இதை முதலில் நீதான் படிப்பாய். அப்பாவுக்குப் படிப்பதும் விடுவதும் உன் இஷ்டம் அம்மா.

ராஜாங்கம்


மந்தாரக்குப்பம்,
16.2.2016

ராஜாங்கம் மாமாவுக்கு,

காந்திமதி. இது அப்பா சொல்லி எழுதுவது இல்லை.

உங்கள் கடிதத்தை நாலு நாள் தையல் மிஷின் டிராயரில் வைத்திருந்தேன். ‘கடிதாசி வந்துச்சா?’ என்று அப்பா தினமும் கேட்டார். ‘மாமாவுக்கு உடம்பு சரியில்லையாம், அப்புறம் எழுதறாராம்’ என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. அவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்.

அந்தத் தாழ்ப்பாளைப் போட்டது நான் மாமா.

அப்போது எனக்கு ஏழு வயசு. ‘படுத்துக்கினு இரு’ என்று சொல்லிவிட்டு அப்பா கிளம்புவார். நான் எழுந்து போய்க் கதவோரம் நிற்பேன். மரத்துக்கிட்ட திரும்புவார், கை காட்டலாம் என்று நிற்பேன். அதற்கு முன்னால் எல்லாம் திரும்பியவர்தான். நீங்கள் படித்துக் காட்டிய மறுநாளிலிருந்து திரும்பவே இல்லை. மணைக்கட்டையைப் போட்டு ஏறித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வேன். அந்தக் காமாலை முதலில் எனக்குத்தான் வந்தது, பிறகுதான் அம்மாவுக்கு. அதனால் அப்பாவுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். கல்யாணத்தன்று விருத்தாசலத்துக்கு வண்டி ஏறும்போதும் அதே நினைப்புதான். வீட்டுக்காரர் இறந்து நான் இங்கே திரும்பி வந்த பிறகும், பழக்கம் விடாமல் காலையில் எழுந்து நிற்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கடிதம் முழுவதையும் படித்தேன், ஒரு வரி விடவில்லை. பிறகு நான் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “நீ விருத்தாசலத்துல இருந்த ஒம்போது வருசம் யாரும்மா போட்டது?”

உங்களிடம் இதற்குப் பதில் இருக்கிறதா?

காந்திமதி


மந்தாரக்குப்பம்,
22.2.2016

ராஜாங்கத்துக்கு,

ரெண்டு நாள் உன்னைத் திட்டினேன். காந்திமதி எழுத மாட்டேன் என்றாள், அதனால் அது உனக்கு வந்து சேரவில்லை. நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். இல்லை, ஆவணியிலேயே சொல்லியிருக்கலாம். நடுவில் முப்பது வருஷத்தை வைத்துவிட்டாய்.

மகள் பொய் சொல்ல மாட்டாள். அவள் இருந்த காலத்தில் போட்டது அவள்தான். ஆனால் அந்த ஒன்பது வருஷம் வீட்டில் ஒரு உயிர் கிடையாது. கதவைச் சாத்திவிட்டுப் போவேன். பூட்டு போட்டதில்லை. மரத்தைத் தாண்டும்போது ‘டக்’ என்று விழும். வேலை முடிந்து வந்தால் கதவு திறந்திருக்கும். கதவு ஆடித் தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கும் என்று நீ எழுதுவாய். எழுது. நீ இல்லாததைச் சொன்னாய், அதைக் கேட்டு ஒருத்தி வந்தாள். அவளுக்குக் கதை யார் எழுதியது என்று தெரியுமா?

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். தெருவில் பதினைந்து அடி போயிருப்பேன். பின்னால் காந்திமதி நிற்கிறாள் என்று இப்போது தெரிகிறதே, எப்படித் திரும்பாமல் போவது? திரும்பினேன். நின்றுகொண்டிருந்தாள். கம்பத்து வெளிச்சம் முகத்தில் விழுந்தது. முன்நெற்றியில் நரை. ஒரே வீட்டில் இருக்கிறோம், அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

“இன்னாப்பா, எதுனா மறந்துட்டியா?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. நீ போயி படு” என்றேன்.

போகவில்லை. நான் தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அதனால் தாழ்ப்பாள் போடவில்லை. சத்தம் வரவில்லை. டீ வாங்கினேன், குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

பெற்ற மகளையும் கட்டினவளையும் சேர்த்துப் பார்க்க முடியாதபடி ஒரு வரியில் கட்டிவிட்டாய். எதற்காகக் கட்டினாய் என்று தெரிகிறது. அந்த வரி இல்லாவிட்டால் எனக்குப் பென்ஷன் இல்லை, இவளுக்குச் சோறு இல்லை. இருந்தாலும்.

திலகவதி டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எரித்ததற்கு உன்னைத் தூக்கில் போட வேண்டும் என்று குழுவில் நாலு பேர் குதிக்கிறார்களாம். விலங்கு மாட்டுகிற முடிவைச் சுருக்கமாக முன்னால் போட்டுவிட்டு, உன் முடிவை ‘ராஜாங்கம் எழுதியது’ என்று பின்னால் போடப்போகிறார்கள். துப்பு துலங்காத கதை ஒரு கதையா என்று ஒரு கட்சி. துலங்கின கதையைத்தான் ஆயிரம் படிச்சாச்சே என்று இன்னொரு கட்சி. டீச்சர் நம்ம கட்சி.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். அச்சுக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கடைசி வரியை மாற்று. பார்த்தால் வரமாட்டாள் என்று சொன்னது நீ. பார்க்கலாம் என்றும் நீதான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் அவள் கேட்கமாட்டாள். எப்படி எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது. ‘அவன் தெரியாமல் ஒரு தரம் திரும்பிவிட்டான், அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை’ என்றாவது எழுது.

அதுவரைக்கும் நான் காலையில் வெளியே போவதாக இல்லை. போனால், அவள் இன்னும் வருகிறாளா இல்லையா என்று தெரிந்துவிடும். காந்திமதியே டீ போட்டுத் தருகிறாள், சர்க்கரையைக் குறைத்துவிட்டாள்.

மலர் வந்ததும் இவள்தான் எனக்குப் படிப்பாள். ஒரு எழுத்தைக் கூட்டாமல் குறைக்காமல், நீ எழுதியது எதுவோ அதை மட்டும் படிப்பாள். ஆகையால் பார்த்து எழுது.

பாவாடை
(இடது பெருவிரல் ரேகை)