மெலியும் குளிசை

சாய்ந்தமருது

அன்பு மகள் ஸுஹைறாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் தோஹாவில் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறோம், இங்கு எல்லோரும் சுகம் என்று வழமைபோல எழுத இந்த முறை முடியவில்லை. போனில் கதைத்தால் உம்மா அழுதுவிடுகிறார், பாதியில் நின்றுவிடுகிறது, அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், கடைசிவரை வாசி.

தங்கச்சி ஜெனூபா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். காய்ச்சல் என்று உம்மா உனக்குச் சொன்னது சரியல்ல, ஈரல் பழுதாகியிருக்கிறது. நீ பெட்டியில் அனுப்பிய மெலியும் குளிசையை நோன்பு முழுவதும் விடியுமுன் ஸஹருக்கு எழும்பி, சோறு வேண்டாம் என்று தண்ணீரோடு அதை மட்டும் விழுங்கியிருக்கிறாள். நோன்புக்கு முன், அவளுக்குப் பேசிய மாப்பிள்ளையின் உம்மா சபூறா சீதன வீடு பார்க்க வந்த அன்று, அவளை மேலும் கீழும் பார்த்து, ஊடு பெரிசாக் கட்டினது நல்லதாப் போச்சு, புள்ளைக்கும் இடம் வேணுமே என்று சொன்னார், நாங்களும் சேர்ந்து சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை. பிறகு அவள் சோர்ந்து சோர்ந்து படுத்ததை நோன்புக் களைப்பு என்றே நினைத்தோம், பெருநாளன்று புது உடுப்போடு வாசலுக்கு வந்தபோதுதான் கண் மஞ்சளாக இருந்ததைக் கண்டோம். என்ன மருந்து எடுக்கிறாள் என்று டொக்டர் சசிகரன் கேட்டதற்கு, மருந்து ஒண்டும் இல்ல டொக்டர் என்று உம்மா சொல்லிவிட்டார். பொய் இல்லை, போத்தலில் மூலிகை என்று எழுதியிருந்ததால் அது மருந்தென்று அவருக்குத் தோன்றவில்லை. டொக்டர் வேறு நோய்களைத் தேடிக்கொண்டிருந்தார், கடைசியில் ஜெனூபாவே சொன்னாள்.

குளிசைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மற்றக் காரணங்களைச் சோதித்துப் பார்த்தாயிற்று, மூலிகை என்று விற்பதற்குள் என்ன கலந்திருக்கிறது என்பது போத்தலைப் பார்த்துத் தெரியாது என்றார் டொக்டர். மெலிந்தது அதனாலா என்று கேட்டேன். பட்டினி கிடந்தால் குளிசை இல்லாமலும் மெலியலாம், பிறகு மெலிந்தது நோயால் என்றார். சுகமாகுமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். கொழும்புக்கு மாற்ற வேண்டி வரலாம். சபூறா வீட்டிலிருந்து ஒருவரும் இன்னும் எட்டிப்பார்க்கவில்லை.

உன்மீது கோபமில்லை மகள், அவள் கேட்டாள், நீ அனுப்பினாய். ஆனால் நேற்று அவள் என் கையைப் பிடித்து, ராத்தாவும் இதத்தான் குடிக்கிறா வாப்பா, போட்டோல பாக்கல்லையா எப்பிடி மெலிஞ்சிருக்கா என்றாள். அதற்குப் பிறகு உன் பெருநாள் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அதில் நீ கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாய். இன்றே நிறுத்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு அங்கே ஒரு டொக்டரிடம் போ, எதையும் மறைக்காதே. அல்லாஹ் உங்கள் இருவரையும் எங்களுக்குச் சுகமாகத் தரட்டும். இதை வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன் வாப்பா,
பளீல்