பாறை என்று எழுதினேன்

அக்டோபர் 7, திங்கள்

பெட்ரோல் பங்க் கோப்பு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. மூன்றாவது முறையாகவும் அதில் கடல் இருக்கிறது. "மனைக்கு அருகில் நீர்நிலைகள் உண்டா?" என்ற கேள்விக்கு, "மேற்கே கடற்கரை உள்ளது, அலைகளால் பாதிப்பு இராது" என்று பதில். எங்கள் ஊர் ஆல்டர் ஃபோர்க்கிலிருந்து கடலுக்கு இரண்டரை மணி நேரம் காரில் போக வேண்டும்.

இந்தச் சுற்றுச்சூழல் வினாப்பட்டியலை நிரப்புவது ப்ரெண்ட். பங்க் கட்டப்போகும் நிறுவனம் அமர்த்திய ஆலோசகர். வேறெங்கோ கடலோரத்தில் கட்டிய பங்க்கின் பதில்களை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார். கேட்டால், "அட, அந்த வரி தப்பிச்சிருச்சா? அடிச்சுட்டு நீங்களே சரி பண்ணிக்கோங்களேன் கொரீன்" என்கிறார். சம்பளம் அவருக்கு, திருத்தம் எனக்கு.

நகர அலுவலகத்தின் திட்டப் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். வெண்டல் தலைவர், நான் உதவியாளர். வெண்டல் வசந்த காலத்தில் ஓய்வு பெறுகிறார். அவர் மனம் ஏற்கெனவே ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

மனையைப் பார்க்கப் போனேன். நெடுஞ்சாலை ஓரம், பழைய பழக்கடை இருந்த இடம். கிழக்கே வேலி, வேலிக்கு அப்பால் சிடார் தோப்பு என்கிற டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பு. அப்படி ஒரு மழை. கண்ணாடித் துடைப்பானை ஓடவிட்டுக்கொண்டு காரிலிருந்தே படிவத்தை நிரப்பினேன். மரங்கள்: இரண்டு. பழைய கட்டடம்: ஒன்று. கிழக்கு எல்லையில் பெரிய பாறை ஒன்று. கிணறு: காணப்படவில்லை.

பிறகு நூலகம். நேற்று பாதியில் விட்ட துருவப் பயணிகளின் கடிதங்கள். பனியில் விரல்கள் கறுத்துப்போன ஒருவன் ஒவ்வொரு நாளும் காற்றின் வேகத்தை அளந்து எழுதியிருக்கிறான். எனக்கு மழைக்கே கதவைத் திறக்க மனமில்லை. இதை அப்போது நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

ப்ரெண்டின் புதிய வரைபடத்தில் பாறை ஏறிவிட்டது. "இயற்கைப் பாறை, அப்படியே பேணப்படும். சுற்றிலும் புதர்ச் செடிகள்." என் குறிப்பைப் பார்த்துத்தான் சேர்த்தாராம். நன்றி வேறு சொன்னார். கடல் போய்விட்டது.

அக்டோபர் 29, செவ்வாய்

"சுற்றுச்சூழலுக்குப் பெரிய பாதிப்பு ஏதுமில்லை" - முடிவறிக்கை வெளியாகிவிட்டது. எழுதியது நான், கையெழுத்து வெண்டல். கருத்துச் சொல்ல மக்களுக்குப் பதினான்கு நாள். முந்நூறு அடிக்குள் இருக்கும் நில உரிமையாளர்களுக்குத் தபாலில் அறிவிப்பு. மொத்தமே ஐந்து உறைகள். வேலை சீக்கிரம் முடிந்தது.

நவம்பர் 7, வியாழன்

இருபத்து மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்பது பேருக்குப் பங்க்கின் விளக்கு வெளிச்சம் கவலை. ஆறு பேருக்குப் போக்குவரத்து. ஒருவர், அங்கே விற்கப்போகும் ஹாட் டாக் வாசனையால் தன் நாய் கட்டுக்கடங்காமல் போகும் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். இன்னொருவருக்குப் பங்க் வேண்டும், ஆனால் வேறு நிறத்தில் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான் மரியாதையாகப் பதில் தயாரிக்க வேண்டும். நாய்க்கும்.

நவம்பர் 12, செவ்வாய்

கெடு முடிந்தது. சிடார் தோப்பிலிருந்து ஒரு கடிதமும் இல்லை. அங்கே யாருக்கும் ஆட்சேபம் இல்லை போலும்.

நவம்பர் 18, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் நாய் உரிமத்தைப் புதுப்பிக்க ஒரு பெண் வந்தார். பெயர் டார்லா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், சிடார் தோப்பில் மூன்றாம் எண் வீடு. உரிமத்தை வாங்கிக்கொண்டு போகிறவர் நின்று, அந்தப் பங்க்கின் பெட்ரோல் தொட்டியை எங்கே புதைக்கப் போகிறார்கள் என்று கேட்டார். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். தொட்டிக்குப் பக்கத்தில் விரலை வைத்து, இது என்ன என்றார். பாறை என்றேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, அது பாறை இல்ல. எங்க போர்க் கிணத்து மேல கவுத்து வச்ச பிளாஸ்டிக் மூடி. தோட்டச் சாமான் கடையில விக்கிறான். பனிக்காலத்துல கென்னி ஒரு கையால அதைத் தூக்கி வச்சுட்டுத்தான் குழாய்க்குச் சாக்கு சுத்துவாரு."

எத்தனை வீடு அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்று கேட்டேன். பதினான்கு. எல்லா வீடும்.

ஏன் கடிதம் எழுதவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "யாரு எங்களுக்குச் சொன்னா?" என்றார். ஐந்து உறைகளில் ஒன்று சிடார் தோப்புக்குத்தான் போனது - அதாவது அதன் நில உரிமையாளர் ஹஸ்கின்ஸுக்கு, அரிசோனா முகவரிக்கு. வீடுகள் குடியிருப்பவர்களுடையவை. வீட்டுக்கு அடியில் இருக்கும் மண் அவருடையது. விதி மண்ணுக்குத்தான் தபால் போடுகிறது.

நவம்பர் 19, செவ்வாய்

போனேன். இந்த முறை காரை விட்டு இறங்கினேன். டார்லாவின் கணவர் கென்னி பாறையைத் தூக்கிக் காட்டினார். பூசணிக்காயைத் தூக்குவது போல. அடியில் இரும்புக் குழாய், அதன் மேல் மூடி, ஒரு மின்கம்பி. நாடா பிடித்து அளந்தேன். தொட்டி வரப்போகும் இடத்துக்கு ஐம்பத்தெட்டு அடி. பல வீடுகள் குடிக்கும் கிணற்றைச் சுற்றி நூறு அடிக்குள் இப்படி எதுவும் வரவே கூடாது.

அப்படியானால் மாநிலக் கிணற்றுப் பதிவேட்டில் ஏன் அந்தக் கிணறு அறுநூற்று இருபது அடி தள்ளி இருக்கிறது? மத்தியானம் முழுக்கத் தேடினேன். 1971-இல் கிணறு தோண்டியவர் எந்த நாற்பது ஏக்கர் சதுரத்தில் தோண்டினார் என்பதை மட்டும் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். பின்னால் அதைக் கணினியில் ஏற்றியவர்கள் சதுரத்தின் நட்டநடுவில் ஒரு புள்ளி வைத்துவிட்டார்கள். புள்ளி இருப்பது ப்ளூபெர்ரித் தோட்டத்தில். பிறகு எல்லோரும் புள்ளியிலிருந்தே அளந்திருக்கிறோம். ப்ரெண்ட், வெண்டல், நான்.

நான் காரிலிருந்து இறங்கியிருந்தால் போதும். கதவைத் திறந்து இருபது தப்படி. அவ்வளவுதான். அதுகூட முடியலையா உனக்கு?

நவம்பர் 20, புதன்

வெண்டலிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிக்கையைத் திரும்பப் பெறலாமே என்றேன். கெடு முடிந்துவிட்டது, டிசம்பர் ஐந்தாம் தேதி பங்க் அனுமதி பற்றிப் பொது விசாரணை இருக்கிறது, சிடார் தோப்புக்காரர்களே வந்து சொல்லட்டும் என்றார். அவர்கள் சொன்னால் விசாரணை அதிகாரி எதை நம்புவார்? பதிவேட்டைத்தானே?

"பதிவேட்டை மட்டுமில்ல" என்றார். "நேர்ல போய்ப் பார்த்தேன், கிணறு இல்ல, பாறை இருக்குன்னு உன் கையெழுத்துல ஒரு தாள் இருக்கு கொரீன். அது என் கையெழுத்து இல்ல."

கத்தவில்லை. அதட்டவும் இல்லை. அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

நவம்பர் 22, வெள்ளி

ப்ரெண்டைக் கூப்பிட்டேன். தொட்டியை மேற்கே தள்ள முடியுமா? மனை குறுகலாம், லாரி திரும்ப முடியாதாம். ஐம்பத்தெட்டு அடி என்று நான் சொல்வதற்கு என்ன ஆதாரம் என்றார். நாடா பிடித்தேன் என்றேன். நீங்கள் நில அளவையாளரா என்றார். கடற்கரையை இந்த ஊருக்குக் கொண்டுவந்த மனிதர் என்னிடம் ஆதாரம் கேட்கிறார்.

நவம்பர் 28, வியாழன். நன்றி நாள்

அக்கா வீட்டில் வான்கோழி. எல்லோரும் எதற்கு நன்றி என்று முறை வைத்துச் சொன்னார்கள். என் முறை வந்தபோது உருளைக்கிழங்கு மசியலைக் கேட்டு வாங்கித் தப்பித்தேன். கூட்டத்தில் நான் பேசியது கடைசியாகப் பள்ளியில். அப்போதும் பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

சிடார் தோப்புக்கு நடந்து போய் விசாரணைத் தேதியை ஒவ்வொரு கதவிலும் ஒட்டிவிட்டு வந்தேன். தட்டவில்லை. ஒட்ட மட்டும் செய்தேன். கோழை.

டிசம்பர் 2, திங்கள்

அவர்கள் சொன்னால் போதாது. பாறை என்று எழுதியது நான். அதை நான் அழித்தால்தான் அழியும். வேலை போகுமா? போகலாம். போகட்டும் என்று எழுத நினைக்கிறேன், ஆனால் அது பொய்யாகிவிடும். போகக் கூடாது. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?

டிசம்பர் 5, வியாழன்

நகரக் கூடத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். சிடார் தோப்பிலிருந்து ஒன்பது பேர், பின் வரிசையில். நாய்க்காரர் முன் வரிசையில்.

நான் எழுந்து சொன்னேன். அக்டோபர் பதினைந்தாம் தேதி நான் மனையைச் சரியாகப் பார்க்கவில்லை, என் குறிப்பு தவறு, பாறை என்று எழுதியது கிணற்று மூடி, அறிக்கையை அதை நம்பி வெளியிட்டோம். தாளைப் பார்த்தே படித்தேன். குரல் என்னுடையது போல் இல்லை.

ப்ரெண்ட் எழுந்தார். "காரை விட்டு இறங்கவே இல்லையா?"

"இல்லை."

"எத்தனை நிமிஷம் இருந்தீங்க?"

"பதினொண்ணு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். காது சுட்டது. இப்படிப்பட்ட ஒருவரின் இன்னோர் அளவை மட்டும் எப்படி நம்புவது என்று ப்ரெண்ட் அதிகாரியைக் கேட்டார். நியாயமான கேள்வி. வெறுப்பாக இருந்தது, ஆனால் நியாயம்.

அப்போது கென்னி நடுவழியில் நடந்து வந்தார், பாறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. ஒரு ஆளால் தூக்க முடியாத அளவுப் பாறை. பார்த்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அதிகாரியின் மேஜையில் அதை வைத்தபோது 'டொக்' என்று காலி டப்பாச் சத்தம்.

"ஐயா, இதை நீங்களே தூக்கிப் பாருங்க. இதுக்கு அடியில இருக்கிற தண்ணியத்தான் எம் பேரப்பிள்ளைங்க குடிக்கிது."

அதிகாரி தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். இருபத்தேழாம் சான்றுப் பொருள் என்று பதியச் சொன்னார். பிறகு, இதைத் திருப்பித் தர நாளாகும், அதுவரை குழாய் உறைந்துவிடாதா என்று கவலையாகக் கேட்டார். சாக்கு இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியிருப்பதாகக் கென்னி சொன்னார்.

வெளியே வந்ததும் வெண்டல் என் கார் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 30, திங்கள்

தீர்ப்பு. அறிக்கை செல்லாது. கிணற்றுக்கு நூறு அடிக்குள் தொட்டி கூடாது. ஆய்வை மறுபடி தொடங்க வேண்டும். என் பெயர் பதினொரு இடங்களில் வருகிறது, எல்லாம் "குறைபாடுள்ள" என்ற சொல்லுக்குப் பக்கத்தில். என் பணிக்கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம். அவ்வளவுதான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ப்ரெண்டின் புதிய திட்டம் வந்தது. தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். கிணறுதான் போகும்.

நிறுவனம் தன் செலவில் நகரக் குடிநீர்க் குழாயைச் சிடார் தோப்புக்கு இழுத்துக் கொடுக்கும். கிணற்றை மூடிவிட்டால் நூறு அடி என்ற பேச்சே எழாது. ஹஸ்கின்ஸ் அரிசோனாவிலிருந்து ஒரே நாளில் சம்மதம் அனுப்பிவிட்டார். பம்பு பழுதுபார்க்கும் தொல்லை ஒழிந்ததே. குடிப்பவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது? மூன்று முறை படித்தேன். எங்கும் இல்லை.

எல்லா விதிக்கும் பொருந்துகிறது. தண்ணீர் பாதுகாப்பானது. ஒரு குறையும் எழுத முடியவில்லை. ஜெயிச்சுட்டியேன்னு அக்கா போன்ல சொல்றா. எதுல ஜெயிச்சேன்?

ஏப்ரல் 16, புதன்

கிணற்றை மூடினார்கள். இரண்டு மணி நேரத்தில் நூற்று நாற்பது அடியும் சிமென்ட் குழம்பால் நிறைந்துவிட்டது. காலையில் டார்லா வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வைத்துவிட்டார். எனக்கும் ஒரு ஜாடி. வாசலில் நின்றே குடித்தேன். பல் கூசும் குளிர்ச்சி, லேசான இரும்பு ருசி.

"ஐம்பத்தெட்டு அடின்னு நீ சொல்லாம விட்டிருந்தா இன்னும் கொஞ்ச வருஷம் இதையேதான் குடிச்சிட்டிருப்போம்" என்றார். "அப்புறம் பெட்ரோலைக் குடிச்சிருப்போம். அதனால உன்னை வைய முடியல கண்ணு. ஆனா வையணும்போல இருக்கு."

வைங்க என்றேன். அவர் வையவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

பங்க் திறந்து ஆறு வாரம். இதுவரை அங்கே பெட்ரோல் போடாமல் சமாளித்தேன். இன்று வேறு வழியில்லை, முள் சிவப்பில் நின்றது.

கல்லாவில் டார்லா. பள்ளிப் பேருந்து காலையிலும் மாலையிலும்தான், நடுவில் இங்கே வேலை. வீட்டிலிருந்து நடந்தால் ஒரு நிமிடம். குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, நீச்சல் குள வாசனைதான், பழகிவிடும் என்றார். விளக்கு வெளிச்சத்தில் கென்னிக்குத் தூக்கம் வரவில்லையாம். அந்த ஒன்பது கடிதங்களுக்கும் நான் எழுதிய மரியாதையான பதில் நினைவுக்கு வந்தது.

பங்க்குக்குப் பின்னால் கார் கழுவும் நிலையம் வரப்போகிறது. வினாப்பட்டியல் நேற்று வந்தது. அனுப்பியது ப்ரெண்ட். அதில் இந்த முறை பாலைவன ஆமைகள் இருக்கின்றன. குடியிருப்பவர்களுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று நான் எழுதிய விதித் திருத்தம் நகர மன்றத்தில் ஐந்து மாதமாகக் கிடக்கிறது. வெண்டலின் இடத்துக்கு வந்தவர், "அனுப்பணும்னு விதி இல்லையே" என்றார். அனுப்பக் கூடாது என்றும் இல்லையே என்றேன். தோளைக் குலுக்கினார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

டார்லாவிடம் சிடார் தோப்புக் குடும்பங்களின் பெயர்கள் கேட்டேன். ரசீதுச் சுருளில் நீளமாகக் கிழித்து, வீட்டு எண்ணோடு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் உட்கார்ந்து அறிவிப்பு அட்டைகளில் முகவரி எழுதினேன். பதின்மூன்று முடிந்தது. ஏழாம் எண்ணில் போன மாதம்தான் யாரோ குடிவந்திருக்கிறார்கள், பெயர் டார்லாவுக்கும் தெரியவில்லை.

நாளைக்குப் போய்க் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்.