ஹால் தரை துள்ளுகிறது

ஏப்ரல் 11, செவ்வாய்

அன்பு மகன் லைலுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்பு மட்டில் சுகமாக இருக்கிறோம், அங்கே அலாஸ்காவில் நீயும் மருமகள் ஜோனும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் பனிக்காலத்தைத் தாண்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மனசைப் பற்றி மட்டும் சுகம் என்று எழுத முடியவில்லை, அதைத்தான் கீழே எழுதப்போகிறேன். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் போன் உன் அப்பாவின் நாற்காலியை ஒட்டி இருக்கிறது, அவருக்கு இந்த விஷயம் முழுக்கத் தெரியாது. அதனால் இதைப் படித்ததும் ஜோனிடம் வேண்டுமானால் சொல், பிள்ளைகளிடம் வேண்டாம்.

இங்கே பனி உருகிச் சாலையெல்லாம் சேறு. தபால்காரன் வண்டி போன வாரம் நம் திருப்பத்தில் அச்சு வரை புதைந்து, டிராக்டர் வைத்து இழுத்தார்கள். மேப்பிள் மரத்துப் பாகு காய்ச்சுவது இந்த வருஷம் பதினேழு நாளோடு முடிந்துவிட்டது, உனக்கு இரண்டு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன். உன் தங்கை மகள் நெல், ஊர் ஹாலில் நடக்கும் செவ்வாய்க்கிழமை நடனத்துக்கு வர ஆரம்பித்திருக்கிறாள், பத்தொன்பது வயசுப் பெண், கால் தரையில் படுகிறதா என்றே தெரியாமல் ஆடுகிறாள். மே மாதம் முதல் சனிக்கிழமை வசந்த விழா நடனம், இந்தத் தடவை வெளியூர்க்காரர்களும் வருவதால் முப்பத்திரண்டு ஜோடி பெயர் கொடுத்திருக்கிறார்கள். அறுபத்துநாலு பேர் லைல். என் பயம் அந்த அறுபத்துநாலு பேரைப் பற்றித்தான்.

தரை துள்ளுகிறது. பிப்ரவரியில் லேசாக ஆரம்பித்தது, இப்போது மூன்றாவது, நாலாவது ஜன்னலுக்கு நேரே ஹாலின் நடுப்பகுதியில் கால் வைத்தால் மெத்தையில் வைத்தது போல உள்ளே வாங்கி வெளியே தள்ளுகிறது. எல்லோரும் வட்டமாகக் கை கோத்து இடப்பக்கம் எட்டுத் தாவல், வலப்பக்கம் எட்டுத் தாவல் தாவும்போது சுவரோரம் இருக்கும் டீக் கோப்பைகள் தாளம் தப்பாமல் கிணுகிணுக்கின்றன. இதற்கு இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா, சந்தோஷப்படுகிறார்கள். நடனம் ஆடுகிறவர்களுக்குத் தரை துள்ளினால் அதைவிடப் பெரிய வரம் இல்லையே. அசைவுகளைக் கூவிச் சொல்லும் ஹெஸ்டர், விழா நோட்டீஸிலேயே துள்ளும் தரை என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டாள். உன் அப்பா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று ஆட்டத்துக்கு மேல் நின்றதில்லை, இப்போது எட்டு ஆடுகிறார். "இந்தத் தரை மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ ஆட்டத்த விட்டிருப்பேன் வெர்னா" என்கிறார். நான் அவர் கால் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தத் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ராய்ஸ் டட்டில், நீ, நான். முப்பத்தொன்பது வருஷம் ஆனாலும் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. அக்டோபர், வியாழக்கிழமை, அன்றைக்கு நான் பூசணி வேகவைத்துக்கொண்டிருந்தேன். ஹாலின் புது அடுப்புக்குக் குழாய் போட ராய்ஸ் உன்னைக் கூலிக்குக் கூட்டிப் போனான். நீ தலையெல்லாம் மரத்தூளோடு பின்வாசல் வழியாக வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், "ம்மா, தரையத் தாங்கற பெரிய உத்தரத்தையே அறுத்துட்டோம்மா. முக்கால்வாசி போயிடுச்சு. ராய்ஸ் ஒரு கட்டைய முட்டுக் குடுத்துட்டு இது போதும்டாங்கறாரு. கட்டை வெறும் மண்ணுமேல நிக்குதும்மா" என்றாய். அப்போது உனக்கு இருபது வயசு. வண்டியை மரத்தில் மோதிய கேஸ் முடிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. இன்னொரு தடவை உன் பெயர் அடிபட்டால் பட்டாளத்தில் எடுக்கமாட்டார்கள் என்று நான்தான் உன்னிடம் இதை யாரிடமும் மூச்சுவிடாதே, பெரியவன் அவன், அவன் பார்த்துக்கொள்வான் என்று சொன்னேன். நீ சொல்ல வேண்டும் என்றுதான் நின்றாய். உன் வாயை அடைத்தவள் நான், அதை மறைக்கமாட்டேன். ராய்ஸ் மேல் கோபப்பட்டே இத்தனை வருஷம் என் பங்கை மறந்திருந்தேன்.

இப்போது ஹாலுக்கு அடியில் இருக்கும் நிலவறையில் முழங்கால் அளவு தண்ணீர். ஜூன் வரை வடியாது. மண் ஊறினால் கட்டை இறங்கும், கட்டை இறங்கினால் தரை துள்ளும், அப்புறம் துள்ளாது.

சும்மா இருக்கவில்லை நான். மார்ச் மாதக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று உத்தரம் அறுபட்டிருக்கிறது, ஹாலைப் பூட்டுங்கள் என்றேன். ராய்ஸ்தான் இன்னும் தலைவர், எண்பத்தொரு வயசிலும் அந்த நாற்காலியை விடமாட்டான். "யார் பார்த்தது? நீ கீழ இறங்கிப் பாத்தியா வெர்னா?" என்று கேட்டான். நான் பார்க்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதற்குள் பின்னால் யாரோ, "பாவம், அவங்களுக்கு அந்தக் கடைசி வால்ட்ஸ் கோபம் இன்னும் ஆறல" என்று சொல்ல எல்லோரும் சிரித்துவிட்டார்கள், உன் அப்பாவும் சேர்ந்து. ஆமாம், ஆறவில்லை. வசந்த விழாவில் ஜோடியாக ஆடும் கடைசி வால்ட்ஸுக்கு ராய்ஸ் என்னை வாரம் முழுக்கக் கேட்டு வைத்துவிட்டு, நான் கையுறை போட்டுக்கொண்டு நிற்கும்போது என் கண் முன்னால் மேபல் என்ற இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போனான், எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இத்தனை வருஷமாக அவனைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை, அதனால் இப்போது நிஜத்தைச் சொன்னாலும் பழைய பாட்டாகத்தான் கேட்கிறது இவர்களுக்கு.

டவுன் ஆபீஸுக்கும் போனேன். அங்கே இருக்கும் பெண் நல்லவள், உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். "நீங்க கேள்விப்பட்டத வச்சு ஹாலைப் பூட்ட முடியாதும்மா. தண்ணி நிக்கறப்ப கீழ இறங்கிப் பாக்கவும் கமிட்டி சம்மதிக்கணும். கண்ணால பாத்த ஒரு ஆள் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அன்னிக்கே பூட்டிடுவோம்" என்றாள். உன் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தாலும் பலனில்லை, நீ கையெழுத்துப் போடாத வரை அது கிழவி சொன்ன கதைதான்.

பிறகு எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். முதல் ஜோடி எங்கே நிற்கிறதோ அதற்குப் பின்னால்தானே வரிசை கட்டுவார்கள். மூன்று செவ்வாயாக, ஹெஸ்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே உன் அப்பாவை இழுத்துக்கொண்டு ஜன்னல் சுவரோரம் போய் முதல் ஜோடியாக நின்றுவிடுகிறேன், வரிசையும் சுவரோரமே கட்டுகிறது. போன வாரம் ஹெஸ்டர் மேடையிலிருந்து, "வெர்னா, என்ன சுவரக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க, நடுவுக்கு வாங்க, நடுவுலதானே தரை நல்லா துள்ளுது" என்றாள். எல்லோரும் கலைந்து நடுவுக்குப் போய்விட்டார்கள். நெல் என்னைத் தாண்டி ஓடும்போது, "பாட்டி, நீங்க என்ன பூனை மாதிரி ஓரமாவே போறீங்க" என்று சிரித்தாள். அவள் அந்த இடத்தில் குதித்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. கோட்டு மாட்டும் இடத்தில் போய் நின்றுகொண்டேன். என் கோட்டுத் தோளில் காரைத்தூள் உதிர்ந்திருந்தது. ராத்திரியில் கண்ணை மூடினால் பிடில் சத்தமும் அதற்கப்புறம் ஒன்றும் கேட்காததும்தான் வருகிறது.

லைல், நீ எழுத வேண்டும். இன்ன வருஷம் இன்ன மாசம் ராய்ஸ் டட்டிலும் நானும் சேர்ந்து ஹால் உத்தரத்தை அறுத்தோம், முட்டுக்கட்டை மண்மேல் நிற்கிறது, அவ்வளவுதான். டவுன் ஆபீஸ் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், முதலில் போன் செய், எப்படி அனுப்ப வேண்டும் என்று அந்தப் பெண்ணே சொல்வாள். உனக்கு அவமானம் வரும், அங்கே உன்னைக் கட்டட மேஸ்திரியாக வைத்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நீ யோசிப்பாய். யோசிக்காதே என்று சொல்லமாட்டேன். நான் ஒரு தடவை உன் நல்லதுக்கு என்று சொல்லித்தான் இது இங்கே வந்து நிற்கிறது. உன் அப்பா உன்மேல் கோபப்படமாட்டார், படுவதெல்லாம் என்மேல்தான் படுவார், படட்டும்.

உன் கடிதம் வராவிட்டால் என்ன செய்வேன் என்றும் தீர்மானித்துவிட்டேன், அதையும் கேட்டுக்கொள். விழா அன்று கதவு திறந்ததும் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் மூன்றாவது, நாலாவது ஜன்னலுக்கு நேரே ஹாலின் நடுவில் போட்டு உட்காருவேன். எனக்குப் பயமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் என் ஒரு ஆள் பாரத்தை அது தாங்கும், நானிருந்தால் வரிசை கட்ட முடியாது. ஹெஸ்டர் கெஞ்சுவாள், அப்பா திட்டுவார், நகரமாட்டேன். என்னைக் கிளப்ப ராய்ஸை அழைத்து வாருங்கள், அவன் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் எழுந்திருக்கிறேன் என்பேன். அவனை நான் கண் கொட்டாமல் பார்த்து வந்தவள், முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் அந்த இடத்தில் கால் வைத்ததில்லை, காபி வாங்கப் போவதற்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவான். அன்றைக்கும் வரமாட்டான். அறுபத்துநாலு பேர் முன்னால் அவன் வராமல் நிற்பதை எல்லோரும் பார்க்கட்டும்.

கடவுள் உன்னையும் ஜோனையும் பிள்ளைகளையும் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். கூரையில் மிச்சமிருக்கும் பனியைத் தள்ள ஏறும்போது கயிறு கட்டிக்கொள், சின்னவனைக் காதை மூடும் தொப்பி போட்டுக்கொள்ளச் சொல். டவுன் ஆபீஸ் இங்கே நாலு மணிக்கு மூடிவிடும், உங்களுக்கு அப்போது பன்னிரண்டு, அதனால் காலையிலேயே கூப்பிடு. வெள்ளிக்கிழமை அவர்கள் திறப்பதில்லை.

உன்னைப் பெற்றவள்,
வெர்னா