அண்ணனின் புத்தகத்தில் இருந்த தொழில்

என் பாசத்துக்குரிய அண்ணனுக்கு,

உங்களை அடக்கம் செய்து ஆறு வாரங்கள் ஆகின்றன. இக்கடிதத்தை நம் சபையின் மாத இதழில் வெளியிடக் கொடுத்திருக்கிறேன். ஆகையால் உங்களுக்குத் தெரிந்தவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் நீங்கள் பூட்ஸ் தைத்தீர்கள். ஆள் எடுக்க வந்தவர்கள் அந்த வேலைதான் காலி என்றார்கள், சேர்ந்தீர்கள். அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். நம் குடும்பத்தில் அதற்குமுன் யாரும் அத்தொழில் செய்ததில்லை. இதை எழுதும்போதே என்மீது எனக்கு அருவருப்பு வருகிறது. யாருக்கு நான் சாதிச் சான்று காட்டுகிறேன்?

ஓய்வுபெற்று, தெலுங்கும் இந்தியும் பேசும் நம் மாரெட்பள்ளிக்கு வந்தபின், காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உங்கள் வாசலில் நிற்பார்கள். அடிப்பாகம் வாய் பிளந்த ஷூவை உங்களிடம் கொடுத்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்றபடி கேள்வி கேட்பார்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று ஒருவன் இந்தியில் கேட்டான். “ஏக் பி நை,” ஒருவரைக்கூட இல்லை என்றீர்கள். அவன் ஏமாந்துபோனான். பனியில் நடப்பவனுக்குக் கால்விரல் போகாமல் இருக்க பூட்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லத் தொடங்கியதும், மணி அடித்ததுகூட அவன் காதில் விழவில்லை.

பின்னர் பள்ளியில் ஒரு திட்டம் வந்தது. ஓய்வுபெற்ற ராணுவத்தார் ஒருவர் சனிக்கிழமைதோறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மணிநேரம் இருக்க வேண்டும். மேடையில் தெரியும் வீரராக அல்லாமல், அவர்கள் பார்த்துப் பழகும் மனிதராக. பிள்ளைகள் உங்கள் பெயரைக் கொடுத்தார்கள். அவ்வளவு மகிழ்ச்சியாக உங்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பள்ளிக் குழுவில் அப்போது நானும் உறுப்பினனாக இருந்தேன். ராணுவத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள், அதுவே போதும் என்று சொன்னவன் நான். நன்னடத்தை பற்றிய பக்கத்தை மனத்தில் வைத்துச் சொன்னேன். செயலாளர் திறந்ததோ ‘ட்ரேட்’ என்று தொழிலைக் குறித்திருந்த பக்கம்.

“மோச்சியா, செருப்புத் தைக்கிறவரா?” என்றார். “நக்கோ, வேணாம் சார். பேரண்ட்ஸ் என்ன சொல்லுவாங்க? அல்வால் பக்கம் போனா ரிட்டயர்டு கர்னல் எத்தனை பேர் கிடைப்பாங்க.”

இன்னொருவர் என் காலைப் பார்த்துவிட்டு, “அதான் சாமுவேல் சார் ஷூ எப்பவும் பளபளன்னு இருக்குது,” என்றார். மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். அண்ணா, நானும் புன்னகைத்தேன்.

அவர்கள் கேட்ட கேள்வி உங்களைப் பற்றியது மட்டுமன்று. நாம் யார், எங்கிருந்து வந்தோம் என்று அடுத்து என் பக்கம் திரும்பும் என அஞ்சினேன். பொறியியல் பட்டம், அரசுத் தொழிற்சாலையில் மேலாளர் பதவி, ஆங்கிலம்: எல்லாம் இருந்தும் ஒரு வாக்கியம் வரவில்லை.

கதவு திறந்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் வந்ததும், “புத்தகத்த வாங்கினு வா, தம்பி,” என்றீர்கள். மறுநாள் முதல் நீங்கள் வாசலில் உட்காரவில்லை. பிள்ளைகள் கேட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நீங்கள் இறந்தபோது மாரடைப்பு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அவருக்கு வேறென்ன எழுதத் தெரியும்?

அல்வாலிலிருந்து கர்னல் ஒரு சனிக்கிழமை வந்தார், பேசினார், போனார். பிறகு வரவில்லை. அவர்மீது எனக்குக் குறையில்லை.

நேற்று அதே பள்ளி மண்டபத்தில் உங்கள் புகைப்படத்தை மாட்டி மாலையிட்டார்கள். இறந்தபின் நீங்கள் அவர்களுக்குத் தோதாகிவிட்டீர்கள். படத்தின் கீழே பெயர், படைப்பிரிவு, ‘தாய்நாட்டின் வீரர்’ என்று மூன்று வரிகள். செய்த வேலையையும் எழுதுங்கள் என்று இருமுறை கேட்டேன். இடம் போதவில்லை என்றார் செயலாளர். குழுவிலிருந்து விலகினேன், மாலைக்குள் என் நாற்காலிக்கு வேறொருவர் கிடைத்துவிட்டார்.

கூட்டம் கலைந்தபோது ஐந்தாம் வகுப்பு லாவண்யா என் சட்டையை இழுத்தாள். தாத்தா ஆர்மியில் பூட்ஸ்தானே தைத்தார், அதை ஏன் எழுதவில்லை என்று தெலுங்கில் கேட்டாள். அவள் குரலில் ஏளனம் இல்லை. தெரிந்த ஒன்று விட்டுப்போன வருத்தம்தான் இருந்தது.

“இடம் போதலை, அம்மா,” என்றேன்.

அவர்கள் எனக்குச் சொன்ன பொய்யை அவளுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், அண்ணா. அவளும் அதை நம்பித் தலையாட்டினாள்.

அந்தப் படத்தைக் கழற்ற என்னால் ஆகாது. அம்மனிதர்களை மாற்றவும் ஆகாது. இன்று மாலை லாவண்யாவின் வீட்டுக்குப் போய், நான் சொன்னது பொய் என்றும், வெட்கப்பட்டு மறைத்தார்கள் என்றும், வெட்கப்பட்டவர்களில் நானும் ஒருவன் என்றும் அவளிடம் சொல்வேன். இது ஒன்றைத்தான் என்னால் வாக்குக் கொடுக்க முடிகிறது.

பேச வேண்டிய அன்று பேசாதிருந்த உங்கள் உடன்பிறந்த தம்பி,
சாமுவேல்