இடது பக்கத்து டயர்கள்

மில்லர்புரம், தூத்துக்குடி
22-8-78

அன்பு மகள் அற்புதமணிக்கு அம்மா எழுதுவது. குவைத்து வெயில் உன்னை வாட்டாமல் தேவமாதா பார்த்துக்கொள்கிறாள் என்று உன் கடிதத்தில் இருந்து தெரிந்துகொண்டோம். இங்கே நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன், மீதியைக் கீழே படித்து நீயே முடிவு செய்துகொள். கடிதத்தோடு வந்த போட்டோவில் நீ மெலிந்து தெரிகிறாய். ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நோயாளிக்குச் சொல்லுகிறதை நீயும் கொஞ்சம் கேள். உன் கடிதத்தை அப்பா என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கண்ணாடியை எங்கேயோ வச்சிட்டேன், நீ வாசிச்சாத்தான் கேக்க நல்லாருக்கு என்றார். அதையும் பின்னால் எழுதுகிறேன்.

உன் தங்கை பேபிக்கு இந்த மாதம் ஐந்தாம் தேதி ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு உன் மூக்கு, அவள் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். சாகுபுரத்தில் மாப்பிள்ளைக்குக் கம்பெனி கொடுத்த வீட்டில் பன்னிரண்டு நாள் கிடந்து பிள்ளைத் துணி துவைத்து, அவளுக்குப் பேறுகாலக் காய மருந்து இடித்துக் கொடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டு, திரும்பி வரும்போது என் முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை, குசினியில் அப்பா பன்னிரண்டு நாளும் தின்ற ரொட்டித் துண்டுகளுக்கு எறும்பு வந்து நிற்கிறது. உட்கார்ந்து அழக்கூட எனக்குத் தெம்பில்லை, துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

போன கடிதத்தில் நீ என்னைக் கேலி செய்திருந்தாய், அப்பா உங்களைப் புதுப்பெண்டாட்டி மாதிரி காரில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறாராமே என்று. நான்தானே உனக்கு எழுதினேன். இரண்டு வருசமாக நான் ஏறி உட்காராமல் அவர் வண்டியைக் கிளப்பினதில்லை. மார்க்கெட்டுக்கு நீயும் வா, பூசைக்கு நீயும் வா, துறைமுகத்து ஆட்களைப் பார்க்க நீயும் வா. முடி வெட்டிக்கொள்ளப் போனபோதுகூட என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கடை வாசலில் காரிலேயே உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். நான் முழங்கால் வலி என்று முனகுவேன், ஆனாலும் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கல்யாணமான முப்பத்தாறு வருசத்தில் துறைமுகத்து லாஞ்சுப் படகில் சுக்கான் பிடித்த மனுசன் எனக்கென்று உட்கார்ந்தது எத்தனை நாள் இருக்கும். முன்பெல்லாம் காரில் நான் வாய் திறந்தாலே எரிந்து விழுவார். இப்போது நான் சைக்கிள் வருது, ஆடு நிக்கு, லாரிக்காரன் குறுக்கே நிறுத்திருக்கான் என்று வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வயசானதும் மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். கோயிலில் நாலு பேரிடம் பெருமையாகவும் சொன்னேன், அதுதான் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

விசயத்துக்கு வருகிறேன். சாகுபுரத்தில் இருந்து என்னைக் கூட்டிவர அப்பா தனியாகக் காரை எடுத்துக்கொண்டு வந்தார். திரும்பும்போது ஆத்தூர் பாலம் தாண்டியதும் முன்பக்கம் இடது டயர் காற்று இறங்கிப் போனது. வெயிலில் இறங்கி, ஸ்டெப்னியை மாட்டி, அதுவும் மொட்டையாக இருக்கிறதைப் பார்த்து, முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் நான் நின்றேன். அடுத்த மாதம் பதினாலாம் தேதி மணப்பாட்டில் சிலுவைத் திருவிழா, வருசம் தவறாமல் அந்தக் காரில்தான் போகிறோம், இந்த டயரோடு போனால் வழியிலேயே திருவிழாதான் என்று நானே பேச்சை ஆரம்பித்தேன். அன்று பிடித்தது சண்டை, மூன்று நாள் நடந்தது. நான் ரீட்ரெட் போடலாம் என்றேன். பழைய பியட், கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் தவிர எங்கே ஓடுகிறது, இருக்கிற டயரிலேயே மேலே புது ரப்பர் ஒட்டிக்கொண்டால் ஒரு வருசம் தள்ளும். அவர் நான்கும் புதுசு, அதுவும் நைலான் நூல் டயர்தான் வேண்டும் என்றார். லாஞ்சில பழைய கயித்த நம்பி ஒரு நாளும் கப்பலக் கட்டுனதில்ல, டயருக்கு மட்டும் ஒட்டு வேலையா என்று கேட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் விடவில்லை, மீன்குழம்புக்கு உப்புப் பத்தவில்லை என்று அதையும் இதோடு சேர்த்துக்கொண்டார்.

பாளையங்கோட்டை ரோட்டில் வன்னியபெருமாள் என்று ஒருவர் டயர் கடை வைத்திருக்கிறார், சனிக்கிழமை அங்கே போனோம். புதுசும் விற்கிறார், ரீட்ரெட்டும் போடுகிறார். வண்டியை ஜாக்கியில் தூக்கி டயர்களைக் கழற்றி, ஸ்டெப்னியை ஒதுக்கிவிட்டு, ஆத்தூரில் காற்றுப் போன இடது டயரையும் டிக்கியில் இருந்து எடுத்துப் போட்டார். அப்பா எதிர்க்கடையில் பழைய லாஞ்சு ஆள் யாரையோ பார்த்து டீ குடிக்கப் போய்விட்டார். வன்னியபெருமாள் ஒவ்வொரு டயராக உருட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, அக்கா, வலது பக்கத்து ரெண்டுக்கும் ரீட்ரெட் போடலாம், இடது பக்கத்து ரெண்டும் ஆகாது, பக்கவாட்டுல பூரா கல்லுல உரசி நூல் தெரியுது, மேல ரப்பர் ஒட்டுனாலும் பக்கம் வெடிச்சிரும் என்றார். சரி, ரோட்டோரத்தில் ஒதுங்கி ஓட்டுகிற பழக்கம் அவருக்கு என்றேன். வன்னியபெருமாள் கொஞ்சம் தயங்கி, கோவிச்சுக்கிடாதிய அக்கா, பழைய உரசல் ஒண்ணுமே இல்ல, எல்லாம் பத்துப் பதினஞ்சு நாளுக்குள்ள உள்ளது, உரசுன இடம் இன்னும் கருப்பா பளபளன்னு இருக்கு, சாக்கடை ஓரத்து வாறுகால் கல்லு ரோட்டுல எங்கன இருக்குன்னே தெரியாம ஏத்தின மாதிரி இருக்கு, அண்ணாச்சிக்கு இடது கண்ணு சரியாத் தெரியுதா என்று கேட்டார்.

பதினஞ்சு நாள் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. நான் சாகுபுரத்தில் இருந்த நாட்கள் அவை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சைக்கிள் வருது, கல்லு இருக்கு என்று சொல்லாத நாட்கள். அங்கே அந்த ரப்பர் நாற்றத்தில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், முடி வெட்டும் கடை, மார்க்கெட்டு, உன் கடிதத்தை வாசிக்கச் சொன்னது எல்லாம். அற்புதம், நான் உன்னிடம் மறைத்து எழுதவில்லை, எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம். ஆசையாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்து வலிக்கிற காலோடு இரண்டு வருசம் ஏறி இறங்கினேனே, கண்ணுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

அப்பா டீ குடித்துவிட்டு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அந்த இடது டயர்கள் பக்கத்தில் நின்றிருந்தோம். எங்கள் முகத்தைப் பார்த்தார், குனிந்து உட்கார்ந்தார். கண்ணால் பார்க்கவில்லை, விரலை டயரின் பக்கவாட்டில் வைத்துச் சுற்றி வர ஓட்டினார். நூல் தட்டுப்பட்ட இடத்தில் விரல் நின்றது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, இந்த ரெண்டையும் தோணிக்காரங்க யாரும் கேட்டாக் குடுத்துருங்க, தோணி மோதாம பக்கத்துல கட்டித் தொங்கவிட ஆகும், எனக்கு ரெடியா உள்ள ரீட்ரெட்டே நாலு மாட்டுங்க, ஒரு வருசம் ஓடுனாப் போதும் என்றார். மூன்று நாள் நான் தொண்டை கிழியக் கத்தியது அதற்குத்தான், கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு வருசம் போதும் என்று அவர் சொன்ன குரலை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. நாலும் புதுசே போடுங்க, நைலானே போடுங்க என்று நான் சொன்னேன். வன்னியபெருமாள் அவரைப் பார்த்தார், அவர் என்னைப் பார்த்தார். புதுசுதான் போட்டோம்.

புது டயரை ஒரு ஓட்டம் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு வராமல் துறைமுகத்து ரோட்டுப் பக்கம் வண்டியை விட்டார். வேண்டாம் என்று தடுத்திருக்க வேண்டும், ஏறி உட்கார்ந்தது என் தப்பு. கோபத்தில் நான் வாயைத் திறக்கவே இல்லை. வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. உப்பளத்துப் பக்கம் வந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டார். பிறகு, ஏளா பிலோமினா, பேசு, நீ பேசாம வந்தா நான் எப்படி ஓட்டுவேன் என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் அழுதுவிட்டேன். கண்ணுக்காகத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு திரிந்தீர்களா என்று கேட்டேன். மொதல்ல கண்ணுக்குத்தான், பெறவு பழகிட்டு என்றார். இடது கண்ணில் புரை விழுந்து இரண்டு வருசம் ஆகிறதாம், இப்போது வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறதாம். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, கப்பலுக்கு வழி காட்டினவன், பொண்டாட்டி வழி காட்டிப் போறான்னு எப்படிச் சொல்ல என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது பக்கம் உப்பு மூட்டை அடுக்கியிருக்கு, ஒதுங்கிப் போங்க என்றேன். வண்டியைக் கிளப்பினார். வீடு வரை பேசிக்கொண்டே வந்தேன்.

இப்போது கார்ச்சாவி குசினியில் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. அது அங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எடுக்கவில்லை. மணப்பாட்டுக்கு டாக்சி ஸ்டாண்டு வீரபாகு வந்து நம் காரை ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு அப்பா சரி என்றுவிட்டார். மதுரைக்குப் போய்க் கண்ணை ஆபரேஷன் செய்துகொள்வதற்குத்தான் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார். அவரோடு லாஞ்சில் இருந்த ரோச்சுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கண்ணே போய்விட்டது, அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். மங்கலா இருக்கதையாவது வச்சுக்கிடுதேன் என்கிறார். வலது கண்ணும் மூடிப் போவதற்குள் போக வேண்டும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. நீ இந்த வேலையிலேயே இருக்கிறவள், நீ சொன்னால் கேட்பார். கெஞ்சியும் எழுதாதே, மிரட்டியும் எழுதாதே. எப்படிச் செய்வார்கள், எத்தனை நாள் கட்டுப் போட்டிருக்க வேண்டும், பிறகு கண்ணாடி போட்டால் எவ்வளவு தெரியும், ரோச்சுக்கு ஆனது எல்லாருக்கும் ஆகுமா, அதை எல்லாம் உள்ளது உள்ளபடி எழுது. புது டயர் முதலில் மணப்பாட்டுக்கும் அடுத்தது மதுரைக்கும் ஓட வேண்டும் என்பது என் ஆசை.

வெயிலில் தலையில் துணி போட்டுக்கொண்டு போ, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. மணப்பாட்டுச் சிலுவையடியில் உனக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன், கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாற்றுவார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ எழுதும் கடிதத்தையும் அவர் என்னைத்தான் வாசிக்கச் சொல்வார், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். என் குரல் மாறாமல் நான் வாசித்து முடிக்கிற மாதிரி எழுது.

உன் அம்மா,
பிலோமினா பாஸ்கல்