குதிரைக்கு முட்டியில் சிராய்ப்பு

என்னங்க,

போன வாரம் தண்ணீர்க் குழாயில் கால் சிக்கி நம் குதிரை சரிந்தது. மகள் மேலே இருந்தாள். பதறாதீர்கள், இருவருக்கும் முட்டியில் சிராய்ப்புதான். நானே கழுவி மருந்து போட்டேன்.

"இனிமே ஏறவே மாட்டேன்," என்றாள். தினமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூவரும் வெறுமனே நடந்தோம். காயம் ஆறிவிட்டது. இன்று, "நீ ஏறினா நானும் ஏறுறேன்மா," என்றாள்.

நீங்கள் குதிரையிலிருந்து விழுந்த நாளிலிருந்து நான் சேணத்தைத் தொட்டதில்லை. ஏறினேன். ஒரு சுற்றுக்குள் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

"உனக்கும் பயமாம்மா?"

"உயிரே போகுதுடி."

என்னை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஏறினாள். மூன்றாவது சுற்றில் என்னைக் கயிற்றை விடச் சொன்னாள்.

இறங்கியதும், "அப்பாவும் பயத்துலதான் சித்தப்பா வீட்டுலயே இருக்காரா?" என்று கேட்டாள். வழக்கம்போல் வேலை என்று சொல்லியிருக்கலாம். அலுத்துவிட்டது. ஆமாம் என்றேன்.

அவளுக்கு உங்கள்மேல் கோபம் வரவில்லை. எனக்கும் இப்போது இல்லை.

உங்கள் வீட்டுக்காரி